கமிட் மெசேஜுக்குக் காவல் போட்ட கதை

110 ரூபாய் 10 காசு. இதற்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 5.505 வரும். காசுக்கு முழுமையாக்கினால் 5.51. அதையே சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 என்று தனித்தனியாகப் போட்டு முழுமையாக்கினால் 2.75 இரண்டு தடவை, ஆக 5.50. ஒரே ஒரு காசு வித்தியாசம். அந்த ஒரு காசுதான் என்னைக் கமிட் மெசேஜ் பக்கம், அதாவது கோடில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்யும்போது கூடவே எழுதும் குறிப்பின் பக்கம், இழுத்துவந்தது.

கோவையில் சின்னக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிற எட்டுப் பேர் கொண்ட டீம் எங்களுடையது. ஒரு கடைக்காரர், "உங்க பில்லுல அஞ்சு பர்சன்ட் சரியா வரலீங்க, ஒரு காசு குறையுது" என்றார். கோடைத் திறந்து பார்த்தேன். வரியை இரண்டு பாதியாகத் தனித்தனியே முழுமையாக்கியிருந்தது. யாரோ கவனக்குறைவாக எழுதியது என்று நினைத்து, மொத்த வரியை முதலில் முழுமையாக்கிப் பிறகு இரண்டாகப் பிரிக்கும்படி மாற்றி, சனிக்கிழமை மாலை ரிலீஸும் செய்துவிட்டேன். திங்கட்கிழமை காலை வேறொரு கடையின் ஆடிட்டர் அழைத்தார். "சி.ஜி.எஸ்.டி. 2.76, எஸ்.ஜி.எஸ்.டி. 2.75-னு வருது. ரெண்டும் சமமா இருக்கணும்னு போன வருஷமே சொல்லி மாத்தினோமே, மறுபடியும் ஏன் தம்பி?"

கோடின் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கருவி கிட். ஒரு வரியைக் கடைசியாக யார், எந்தக் கமிட்டில் மாற்றினார் என்று காட்டும் அதன் பிளேமை அந்த வரியில் ஓட்டினேன். 14 மாதங்களுக்கு முந்தைய கமிட். மெசேஜ்: "சேஞ்சஸ்". மாறிய ஃபைல்கள் 31. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார். ஏன் மாற்றினார் என்பதற்கான விளக்கம் ஒரு வாட்ஸாப் குழுவில், ஒரு பொங்கல் வாழ்த்துப் படத்துக்கும் இன்னொரு பொங்கல் வாழ்த்துப் படத்துக்கும் நடுவில் கிடந்தது.

அன்று மதியமே, கமிட் மெசேஜைத் தானாகச் சோதிக்கும் ஒன்றை எழுதியே தீருவது என்று முடிவெடுத்தேன். கோபத்தில் எழுதிய கோடு அது, கோபமாகவே நடந்துகொண்டது.

வழி எளிதுதான். கோடும் அதன் வரலாறும் இருக்கும் ரெப்போவின் டாட்-கிட் ஃபோல்டருக்குள் ஹூக்ஸ் என்றொரு ஃபோல்டர் இருக்கும். கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்குத்தான் ஹூக் என்று பெயர். அதில் கமிட்-எம்எஸ்ஜி என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்டை வைத்தால், ஒவ்வொரு கமிட்டின்போதும் மெசேஜ் இருக்கும் ஃபைலின் பாதையைக் கொடுத்து கிட் அதை ஓட்டும். ஸ்கிரிப்ட் பூஜ்ஜியம் தவிர வேறு எதைத் திருப்பினாலும் கமிட் நின்றுவிடும். 40 வரி பேஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். தலைப்பு 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது வரி காலியாக இருக்க வேண்டும். மற்ற வரிகள் 72-ஐத் தாண்டக்கூடாது. முடிவில் புள்ளி கூடாது. தொடக்கத்தில் ஃபீட் (புது வசதி), ஃபிக்ஸ் (திருத்தம்), சோர் (சில்லறை வேலை) என்று வகை இருக்க வேண்டும். ஆங்கிலமாக இருந்தால் முதல் சொல் இறந்தகாலத்தில் இருக்கக்கூடாது.

50/72 நான் கண்டுபிடித்ததில்லை. 2008-இல் டிம் போப் எழுதிய குறிப்பிலிருந்து பரவிய பழக்கம். 80 எழுத்து அகல டெர்மினலில், கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக் இடப்பக்கம் 4 இடம் விட்டு மெசேஜைக் காட்டும். வலப்பக்கமும் அதே 4 விட்டால் மிச்சம் 72. காரணம் அவ்வளவுதான். இது திரை அகலத்தின் கணக்கு என்பது அன்றே என் மண்டையில் ஏறியிருந்தால், பின்னால் ஒரு அக்காவிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

முதல் நாள் கேலிக்கூத்து. காலைக் கூட்டத்தில் "இனிமேல் யாரும் சேஞ்சஸ்னு போட முடியாது" என்று அறிவித்தேன். பத்து நிமிடத்தில் "சேஞ்சஸ்" என்று ஒரு கமிட் வந்து விழுந்தது. டாட்-கிட் ஃபோல்டருக்குள் வைக்கும் ஹூக், ரெப்போவோடு சேர்ந்து யாருக்கும் போகாது. ஒரு ரெப்போவை நகலெடுத்து க்ளோன் செய்தவுடன் முகம் தெரியாதவரின் ஸ்கிரிப்ட் நம் கணினியில் தானாக ஓடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நியாயம்தான். பிறகு ஸ்கிரிப்டை ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்து, 2016-இல் கிட் 2.9-ஓடு வந்த கோர்-ஹூக்ஸ்பாத் செட்டிங்கை எல்லாருடைய லேப்டாப்பிலும் ஒருமுறை போட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் டீம்களுக்கு ஹஸ்கி என்ற கருவி இதே வேலையைச் செய்து கொடுக்கும். லினக்ஸ் லேப்டாப் வைத்திருந்த ஒருவருக்கு அப்போதும் ஓடவில்லை. ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன், அதாவது ஓடும் அனுமதி, இல்லை. அது ஒரு அரைமணி நேரம்.

முதல் வாரம் பெருமையாக இருந்தது. லாக்கைத் திறந்தால் வரிசை கட்டி நின்றது, பள்ளிக்கூடத்து அசெம்ப்ளி மாதிரி. இரண்டாம் வாரம் ஒரு பையன் வந்து, "அண்ணா, 'எம்பெட் லோகோ'ன்னு போட்டேன், இறந்தகாலம்னு திட்டுது" என்றான். இறந்தகாலத்தைக் கண்டுபிடிக்க நான் வைத்திருந்த விதி, முதல் சொல் 'இ-டி' என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் முடிகிறதா என்பது மட்டுமே. எம்பெட், விதைக்கிற சீட், ஊட்டுகிற ஃபீட் எல்லாமே அதில் மாட்டும். அந்த விதியை எடுத்துவிட்டேன். தமிழில் எழுதுபவர்களுக்கு அது எப்படியும் பொருந்தாது. 'திருத்து' என்று எழுதினால் யாரோ யாருக்கோ கட்டளை போடுவது போல இருக்கும். நம் கை தானாக 'திருத்தம்' என்றுதான் எழுதும்.

ஆனால் என்னை உண்மையிலேயே உலுக்கியது மூன்றாம் வாரம் நடந்தது.

எங்கள் டீமில் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். ஸ்டாக் கணக்கில் இரண்டு கவுன்ட்டர்கள் ஒரே நேரத்தில் பில் போட்டால் எண்ணிக்கை தவறும் என்ற பழைய சிக்கலை நான்கு நாள் உட்கார்ந்து பிடித்தார். வியாழன் இரவு ஏழரை மணிக்கு, எடிட்டரில் பதினோரு வரிக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்: எந்த வரிசையில் நடந்தால் தவறும், ஒரு நேரத்தில் ஒரு கவுன்ட்டரை மட்டும் விடும் பூட்டை ஏன் இந்த இடத்தில் வைத்தார், ஏன் இன்னோர் இடத்தில் வைக்கவில்லை. சேவ் செய்து மூடினார். என் ஹூக் மறுத்தது. காரணம், தலைப்பின் கடைசியில் ஒரு புள்ளி. எடிட்டர் மூடிவிட்டது, டெர்மினலில் சிவப்பில் "விதி 4 மீறல்" என்று ஒரு வரி மட்டும். எழுதியது போயே போய்விட்டது என்று நினைத்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் "ஃபிக்ஸ்: ஸ்டாக் பிரச்சினை சரி" என்று அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஹூக் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதை எழுத வைப்பதற்காக அந்தக் காவலை வைத்தேனோ, அதை எழுதியவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, எழுதாதவரை உள்ளே விட்டிருக்கிறது.

அந்தப் பதினோரு வரி உண்மையில் போயிருக்கவில்லை. ஹூக் மறுத்தாலும், எழுதிய மெசேஜ் டாட்-கிட் ஃபோல்டருக்குள் கமிட்-எடிட்எம்எஸ்ஜி என்ற ஃபைலில் அப்படியே கிடக்கும். அந்த ஃபைலைக் காட்டி மறுபடி கமிட் செய்தால், எழுதியதெல்லாம் எடிட்டரில் திரும்ப வரும், புள்ளியை மட்டும் எடுத்துவிடலாம். ஆனால் அடுத்த கமிட் முயற்சி அதன் மேலேயே எழுதிவிடும். அவர் அவசரமாக அடித்த அந்த இரண்டாவது மெசேஜ்தான் முதலாவதை உண்மையில் அழித்தது. கிட்டை எட்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன், இந்த ஃபைலைப் பற்றி எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்றே இரண்டு மாற்றம் செய்தேன். கமிட்-எம்எஸ்ஜி ஹூக்குக்கு மெசேஜைத் திருத்தும் உரிமையும் உண்டு, ஃபைலை அது மாற்றி எழுதலாம். எனவே கடைசிப் புள்ளி, வரி முடிவில் தொங்கும் இடைவெளி, இரண்டாவது வரியைக் காலியாக விடாதது, இவற்றை ஹூக்கே சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். இயந்திரத்தால் திருத்த முடிந்ததற்கு மனிதனை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? இரண்டாவது, மறுக்கும்போது "விதி 4" என்ற போலீஸ் மொழி போய், என்ன சிக்கல் என்று முதல் வரி, எழுதியதை மீட்க அப்படியே காப்பி செய்து ஒட்டும் கமாண்ட் இரண்டாம் வரி. முதல் வரி முக்கியம். டெர்மினலைத் தொடாமல் எடிட்டரின் பட்டனைத் தட்டி கமிட் செய்பவர்களுக்கு ஓரத்தில் ஒரு குட்டிப் பெட்டிதான் வரும், முழுதாக யாரும் படிப்பதில்லை.

இந்த ஃபைலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஹூக் பார்க்கும்போது, எடிட்டரில் ஹேஷ் குறியோடு வரும் உதவி வரிகளும் அதில் இருக்கும். கிட் அவற்றை நீக்குவது ஹூக் ஓடிய பிறகுதான். வெர்போஸ் ஆப்ஷன் போட்டு கமிட் செய்பவர்களுக்கு, ஒரு கத்தரிக்கோல் கோட்டுக்குக் கீழே மொத்த டிஃப்பும், அதாவது என்னென்ன மாறியது என்ற பட்டியலும், இருக்கும். என் ஸ்கிரிப்ட் அந்த டிஃப்பில் உள்ள கோடு வரிகளையும் மெசேஜ் என்று நினைத்து "72 தாண்டியது" என்று மறுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் இரண்டு வாரம் பொறுமையாகச் சகித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஹூக்கை ஓட்டாதே என்று சொல்லும் நோ-வெரிஃபை போட்டுத் தாண்டிப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை. கத்தரிக்கோல் கோட்டில் நிறுத்து, ஹேஷ் வரிகளை விடு என்று இரண்டு வரி சேர்த்ததும் தீர்ந்தது. ஹேஷ் என்றதும் இன்னொன்று: மெசேஜின் முதல் வரியே "#412" என்று அந்த வேலைக்கான டிக்கெட் எண்ணில் தொடங்கினால், எடிட்டர் வழியாக வரும்போது கிட் அந்த வரியையே உதவி வரி என்று தூக்கிப் போட்டுவிடும். எண்ணைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

நோ-வெரிஃபை இருக்கும்வரை லேப்டாப்பில் உள்ள ஹூக் ஒரு வேண்டுகோள்தான். எனவே அதே ஸ்கிரிப்டை, கோடு ஏறும்போது சர்வரில் தானாகச் சோதனை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் பைப்லைனிலும் போட்டேன். கடைசி கமிட்டின் மெசேஜை எடுத்துச் சோதிக்கும் ஒரு சின்ன வேலை. முதல் நாளிலிருந்தே பச்சை. மூன்று வாரம் தொடர்ந்து பச்சை. டீம் திருந்திவிட்டது என்று மேனேஜரிடம் வேறு சொல்லிவைத்தேன்.

நான்காவது வாரம் லாக்கில் "டெஸ்ட் டெஸ்ட்" என்று ஒரு மெசேஜைப் பார்த்தேன். இது எப்படி பச்சையானது? தோண்டினால், புல் ரிக்வெஸ்டுக்காக (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) ஓடும்போது, கோடை இறக்கும் அந்த செக்-அவுட், நாம் தனியாக வேலை செய்த பிராஞ்சின் கடைசி கமிட்டை எடுப்பதில்லை. அதை எல்லாருக்கும் பொதுவான மெயின் பிராஞ்சோடு சேர்த்துத் தற்காலிகமாகச் செய்யப்பட்ட ஒரு மெர்ஜ் கமிட்டை எடுக்கிறது. அதன் மெசேஜ் எப்போதும் "மெர்ஜ்" என்று தொடங்கும். என் ஸ்கிரிப்டோ, மெர்ஜ் என்று தொடங்கினால் விட்டுவிடு என்று நானே எழுதியது. மூன்று வாரமாக ஒரு கமிட்டைக்கூடச் சோதிக்காமல் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. போதாததற்கு, இயல்பாக ஒரே ஒரு கமிட் ஆழத்துக்குத்தான் வரலாற்றை இறக்கும். முழு ஆழமும் கேட்டு வாங்கி, மெயினுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு கமிட்டையும் தனித்தனியாகச் சோதிக்கும்படி மாற்றினேன். அதற்கும் மேலாக, வேண்டுமென்றே மோசமான மெசேஜ் போட்ட ஒரு பிராஞ்சை வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்டைத் தொடும்போதெல்லாம் அது சிவப்பாக வருகிறதா என்று பார்ப்பேன். சிவப்பு வராத சோதனையை இப்போது நம்புவதில்லை.

சரியாக ஓடத் தொடங்கியதும் முதலில் மாட்டியது யார் தெரியுமா? ரெப்போவிலேயே நல்ல மெசேஜ் எழுதுபவர்.

எங்கள் மென்பொருளின் தமிழ்ச் சொற்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா இருக்கிறார். முன்பு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். கிட் கற்றுக்கொடுத்தபோது "எதை மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு எழுதணும் அக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன், அதோடு சரி. அவர் அன்று போட்ட தலைப்பு: "ரசீதில் கழிவு இனிமேல் தள்ளுபடி". கீழே: "கழிவு என்பதைப் பார்த்து ஒரு கடைக்காரர் குப்பைக்கும் கட்டணமா என்று கேட்டாராம். தள்ளுபடி என்றால் எல்லோருக்கும் புரியும்." இதைவிட நல்ல கமிட் மெசேஜை நான் எழுதியதில்லை. அவர் லேப்டாப்பில் ஹூக் ஏற்றுக்கொண்டது. பைப்லைன் சிவப்பு: தலைப்பு 50-ஐத் தாண்டிவிட்டது.

"தம்பி, நான் விரல் விட்டு எண்ணிட்டேன். இடைவெளி சேர்த்து 19 எழுத்துதான். உங்க மெஷினுக்கு எண்ணத் தெரியாதா?"

தெரியவில்லைதான். பேஷ் ஒரு சொல்லின் நீளத்தை எண்ணும்போது லோகேலை, அதாவது கணினியின் மொழி அமைப்பை, பார்த்து எண்ணும். அவர் லேப்டாப்பில் யு.டி.எஃப்-8 லோகேல், எனவே யூனிகோடு குறிகளை எண்ணியது. 'சீ' என்பது நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடுக்கு ச-வும் ஈகாரக் குறியும் என இரண்டு. 'ல்' கூட ல-வும் புள்ளியும். அப்படி எண்ணினால் அந்தத் தலைப்பு 30. பைப்லைன் ஓடிய கன்டெய்னரிலோ லோகேலே வைக்கப்படவில்லை. அங்கே அது பைட்டுகளை எண்ணியது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8-இல் 3 பைட். 27 குறிக்கு 81, மூன்று இடைவெளிக்கு 3, ஆக 84. ஒரே தலைப்பு, கண்ணுக்கு 19, லேப்டாப்புக்கு 30, சர்வருக்கு 84.

நீளம் எண்ணும் பகுதியை பைத்தானுக்கு மாற்றினேன். நீளம் சொல்லும் பைத்தானின் லென் யூனிகோடு குறிகளைத்தான் எண்ணும், லோகேல் பார்க்காது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ண, ரீஜெக்ஸ் என்ற தனிப் பேக்கேஜில் உள்ள பெரிய எக்ஸ் குறியைப் பயன்படுத்தினேன். தமிழுக்கு அது கிட்டத்தட்ட நாம் எண்ணுவது போலவே எண்ணுகிறது. க்ஷ-வை மட்டும் இரண்டாகப் பிரிக்கும், அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. 50-ஐ முழுவதுமாக நீக்கிவிட்டு, கிட்ஹப் பட்டியலில் தலைப்பை வெட்டும் இடமான 72-ஐ மட்டும் வைத்தேன். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது, "எண்ணிப் பாத்துட்டுச் சொல்லணும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு இரவு தவறான ரிலீஸைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கிட்ஹப்பின் ரிவர்ட் பட்டன், பழைய தலைப்புக்கு முன்னால் ரிவர்ட் என்ற சொல்லையும் சுற்றி மேற்கோள் குறியையும் போடும், அதில் 9 எழுத்து கூடும். 66 எழுத்துத் தலைப்பு 75 ஆகிப் பைப்லைன் மறுத்துவிட்டது. கடைகளில் பில் வரவில்லை, நாங்களோ தலைப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தோம். மெர்ஜைப் போலவே ரிவர்ட், ஃபிக்ஸப், ஸ்குவாஷ் என்று தொடங்குபவற்றையும் கேள்வி கேட்காமல் விடுவது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. கமிட்லின்ட் போன்ற தயார்க் கருவிகள் இவற்றைத் தாமாகவே விட்டுவிடும். சொந்தமாக எழுதும் திமிருக்கு அந்த இரவு அபராதம். இன்னொன்று: பல கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்து, அதாவது ஒன்றாக்கி, மெர்ஜ் செய்யும் டீம் என்றால், மெயினில் போய் நிற்பது புல் ரிக்வெஸ்டின் தலைப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைச் சோதிக்காமல் உள்ளே இருக்கும் கமிட்டுகளோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

ஃபீட், ஃபிக்ஸ் வகைகளை அக்காவின் அந்தக் கமிட்டுக்கு முன்பே எடுத்துவிட்டிருந்தேன். கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையில் அவற்றுக்கு ஒரு உருப்படியான வேலை உண்டு: ஃபிக்ஸ் என்றால் பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் கூடும், ஃபீட் என்றால் நடு இலக்கம், பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் இலக்கம். அதைப் படித்துப் பதிப்பு எண்ணையும் மாற்றப் பட்டியலையும் கருவியே எழுதும். நாங்கள் மாதம் ஒருமுறை கையால் ரிலீஸ் செய்பவர்கள். அந்த முன்னொட்டைப் படிக்க எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. எழுதுவது மட்டும் நடந்தது, அதிலும் பாதிக்கு மேல் 'சோர்' என்றே வந்தது. அதைச் சோர்வு என்று படித்தாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. நூலகம் வெளியிடும் டீமாக இருந்தால் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் கெர்னலிலும் பேட்ச்சை, அதாவது அனுப்பப்படும் மாற்றத்தை, சோதிக்க செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் உண்டு. விளக்க வரி 75 எழுத்தைத் தாண்டினால் அது எச்சரிக்கும். ஆனால் அதன் சொல்லைவிட உங்கள் தீர்ப்பே பெரிது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அத்தனை கறாரான இடத்திலேயே அப்படி என்றால், எட்டுப் பேர் டீமில் நான் எதற்கு இத்தனை விறைப்பாக நின்றேன் என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் அந்த ஒரு காசு? அதைத் தீர்க்காமல் இத்தனை சுற்றும் வீண். "ஃபிக்ஸ்: வரி முழுமையாக்கல் மாற்றம்" என்று 14 மாதங்களுக்கு முன்பு அவர் எழுதியிருந்தால், என் முதல் ஸ்கிரிப்ட் கைகுலுக்கி அனுப்பியிருக்கும். எனக்கோ அப்போதும் எதுவும் தெரிந்திருக்காது. 'ஏன்' என்பதை நீளம் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. செய்ய முடிந்தது ஒன்றுதான்: கமிட்டுக்குத் தயாராக ஸ்டேஜ் ஆன ஃபைல்களின் பட்டியலில் வரிக் கணக்கு ஃபோல்டர் இருந்தால் மட்டும், தலைப்புக்குக் கீழே ஏதாவது எழுதியிருக்க வேண்டும் என்று ஹூக் கேட்கும். மற்ற இடங்களில் கேட்காது. கூடவே கமிட் டெம்ப்ளேட்டில், ஹேஷ் வரியாக, "இதை யார் கேட்டார்? மாற்றாவிட்டால் என்ன ஆகும்?" என்று இரண்டு கேள்வி. எடிட்டர் திறந்ததும் கண்ணில் படும், கமிட்டில் சேராது. பலர் அந்தக் கேள்விக்கு அடியிலேயே பதில் எழுதுகிறார்கள்.

எல்லாரும் இல்லை. போன மாதம் வரிக் கணக்கு ஃபோல்டரில் ஒரு கமிட் வந்தது. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு புள்ளி. ஹூக் விட்டுவிட்டது, விதிப்படி அங்கே ஏதோ இருக்கிறதே. புள்ளியைத் தடுக்க இன்னொரு விதி எழுதலாம் என்று ஸ்கிரிப்டைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டு அவர் மேஜைக்கே போனேன். "ஏங்க, இந்த செஸ் விகிதத்தை ஏன் மாத்துனீங்க?" அவர் சொல்லச் சொல்ல, அவர் லேப்டாப்பிலேயே, கடைசி கமிட்டைத் திருத்தும் அமெண்ட் போட்டு நான் தட்டச்சு செய்தேன். ஆறு வரி வந்தது.

பழைய "சேஞ்சஸ்" கமிட் இப்போதும் வரலாற்றில் அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றப் போவதில்லை. நான் மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கிய கமிட்டில், ஆடிட்டர் போனில் கேட்டதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்தேன், 110 ரூபாய் 10 காசு கணக்கோடு. அந்த வரியில் இன்று பிளேம் ஓட்டினால் அதுதான் வரும். தலைப்பின் கடைசியில் நான் ஒரு புள்ளி வைத்திருந்தேன், ஹூக் எடுத்துவிட்டது.